ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போவீர்களா? (மேரிலாந்து – வர்ஜீனியா)

#1 கன்சாஸ்_கரிசல்

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாகக் கன்சாஸ் சிட்டி பக்கம் ஓவர்லேண்ட் பார்க்கில் குடியிருக்கிறோம். வருகிற கோடையில் வாஷிங்டன் வட்டாரத்துக்கு மாறி வருகிறோம். எனக்கு வேலை டைசன்ஸில், அது வர்ஜீனியா. மனைவிக்கு பெதஸ்டாவில், அது மேரிலாந்து. வீடு எந்தப் பக்கம் வாங்குவது என்று நான் கேட்கவில்லை, அதற்கு இங்கேயே ஏகப்பட்ட இழைகள் கிடக்கின்றன, எல்லாம் அடிதடியில் முடிந்திருக்கின்றன. என் கேள்வி வேறு.

ஒரு பக்கம் குடியிருப்பவர்கள் வேலைக்குத் தவிர மற்றபடி மறுபக்கம் போவதுண்டா? சாப்பிட, கடைக்கு, நண்பர் வீட்டுக்கு, சும்மா சுற்ற. எங்கள் ஊரில் ஸ்டேட் லைன் ரோடு என்றே ஒரு சாலை உண்டு. ஒரு ஓரம் மிசௌரி, எதிர் ஓரம் கன்சாஸ். பால் வாங்க ஒரு மாநிலம், முடி வெட்ட இன்னொரு மாநிலம் என்று ஒரே மாலையில் போய்ப் போய் வருவோம், எல்லை தாண்டுகிறோம் என்ற நினைப்பே யாருக்கும் வராது. ஆனால் டைசன்ஸில் என்னை நேர்காணல் செய்தவர், ஃபேர்ஃபாக்ஸிலேயே பிள்ளைகளை வளர்த்துக் கல்லூரிக்கும் அனுப்பிவிட்டவர், எதிர்ப்பக்கம் மேரிலாந்தில் இருக்கும் ராக்வில் பக்கம் போனதே இல்லை என்றார். வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. விளையாட்டுக்குச் சொன்னாரா?

#2 ஆஷ்பர்ன்_அண்ணாச்சி

விளையாட்டில்லை தம்பி. நான் வர்ஜீனியாவில் லௌடன் கவுன்ட்டி. மேரிலாந்துக்குப் போவது லேன்ஹம் கோவிலுக்கு மட்டும்தான். சிவா விஷ்ணு, அப்புறம் பக்கத்திலேயே முருகன். தைப்பூசம், கந்த சஷ்டி, பிள்ளைக்கு மொட்டை, புதுக் கார் வாங்கினால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். கோவில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினால் வீடுதான். நடுவில் எங்கேயும் நிறுத்த மாட்டேன்.

#3 ராக்வில்_ரசம்

கன்சாஸ்காரரே, உங்கள் ஊரில் எல்லை ஒரு சாலை. குறுக்கே நடந்தால் முடிந்தது. இங்கே எல்லை பொடோமக் ஆறு. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த 'அவ்வளவுதான்' பெரிய விஷயம்.

மேரிலாந்தையும் வர்ஜீனியாவையும் வாஷிங்டன் நகருக்குள் நுழையாமல் இணைக்கிற பாலங்களை விரல்விட்டு எண்ணலாம். வடக்கில் அமெரிக்கன் லீஜன் பாலம், தெற்கில் வில்சன் பாலம், இரண்டும் நகரைச் சுற்றிப் போகும் வட்டச் சாலையான பெல்ட்வேயில். லீஜன் பாலத்தை விட்டால் ஆற்றின் மேல்பக்கம் பாயின்ட் ஆஃப் ராக்ஸ் வரை, 30 மைலுக்கு மேல், ஒரு பாலம்கூடக் கிடையாது. அந்த நீளம் முழுக்க மேரிலாந்து இக்கரையில் பொடோமக் என்றே பெயருள்ள ஊர், ஜெர்மன்டவுன், பூல்ஸ்வில். அக்கரையில் கிரேட் ஃபால்ஸ், ஸ்டெர்லிங், லீஸ்பர்க். லட்சக்கணக்கான ஜனம். எல்லோரும் ஒரே பாலத்துக்கு வந்துதான் தாண்ட வேண்டும். 1962இல் திறந்த பாலம் அது, இன்று ஒரு நாளைக்கு 2 லட்சத்துக்கு மேல் வண்டி போகிறது. வர்ஜீனியாக்காரர்கள் 2012இல் பெல்ட்வேயில் காசு கட்டிப் போகும் எக்ஸ்பிரஸ் லேன் போட்டார்கள், நல்லது, ஆனால் அது பாலத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அத்தனை வண்டியும் அங்கே புனலில் ஊற்றிய இட்லி மாவு மாதிரி நிற்கும்.

கிரேட் ஃபால்ஸ் அருவிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், இந்த இழைக்கு வேறு பதிலே வேண்டாம். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு பூங்கா, அந்தக் கரையில் ஒரு பூங்கா. எதிர்க்கரையில் நிற்பவர் என்ன நிறத்தில் சட்டை போட்டிருக்கிறார் என்று தெரியும். கையாட்டினால் திருப்பிக் கையாட்டுவார். அவர் இருக்கும் இடத்துக்குக் காரில் போக அரை மணி நேரம், அதுவும் பாலம் காலியாக இருந்தால். இத்தனைக்கும் ஒரு பக்கம் வாங்கிய நுழைவுச் சீட்டு மறுபக்கமும் செல்லும். அதைப் பயன்படுத்தி ஒரே நாளில் இரண்டு பக்கமும் பார்த்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே உங்கள் நேர்காணல்காரர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மாநில எல்லை யாரையும் தடுப்பதில்லை. பாலம் தடுக்கிறது.

#4 சட்டம்_என்_கையில்

ரசம் சொல்வதில் பாதிதான் சரி. மாநிலக் கோடும் தடுக்கத்தான் செய்கிறது. வர்ஜீனியாவில் மணிக்கு 85 மைலைத் தாண்டினாலோ, அனுமதித்த வேகத்துக்கு மேல் 20 போனாலோ அது வெறும் அபராதம் இல்லை, ரெக்லெஸ் டிரைவிங், குற்ற வழக்கு, நீதிமன்றத்துக்கு வர வேண்டும், தண்டனை ஒரு வருடச் சிறை வரைக்கும் போகலாம். விசாவிலும் கிரீன் கார்டு வரிசையிலும் நிற்கும் நம் ஆட்களுக்கு இது சாதாரண விஷயமா? மேரிலாந்தில் பழகிய கால் அங்கே போய் அழுத்தினால் அப்புறம் வக்கீலுக்குத்தான் அழ வேண்டும். போலீஸ் வேகம் பிடிப்பதைக் காட்டிக்கொடுக்கும் ராடார் டிடெக்டர் காரில் வைத்திருப்பதே வர்ஜீனியாவில் தப்பு. மேரிலாந்துக்காரர்கள் பலர் இந்தப் பயத்திலேயே அந்தப் பக்கம் போவதில்லை.

#5 ராக்வில்_ரசம்

பயந்து போகாமல் இருக்கிறார்களா? காலையில் என் தெருவிலிருந்து பாதிக் கார் அந்தப் பக்கம்தானே போகிறது. சம்பளத்துக்குப் போகிறவன் சாம்பாருக்குப் போக மாட்டேன் என்கிறான், அதற்குக் காரணம் போலீஸ் இல்லை சார்.

#6 ஆஷ்பர்ன்_அண்ணாச்சி

சம்பளமும் சாம்பாரும்... நல்லா இருக்கு.

#7 கிங்_ஸ்ட்ரீட்_குயில்

நீங்கள் எல்லோரும் வடக்குப் பாலத்தை வைத்தே பேசுகிறீர்கள். தெற்கே வாருங்கள். நான் அலெக்சாண்டிரியா, வர்ஜீனியா. எனக்கு எதிர்க்கரை நேஷனல் ஹார்பர், மேரிலாந்து. நாங்கள் அங்கே போவதும் அவர்கள் இங்கே வருவதும் சர்வ சாதாரணம். மாமியார் ஊரிலிருந்து வந்தால் முதல் வாரமே அந்த ராட்டினத்தில் ஏற்றிவிடுவோம், அவுட்லெட் கடைகளுக்குக் கூட்டிப் போவோம். வெயில் காலத்தில் ஓல்ட் டவுன் படித்துறையிலிருந்து வாட்டர் டாக்ஸி. வில்சன் பாலத்தில் ஓரமாக நடைபாதை, சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள், என் கணவர் சனிக்கிழமை காலையில் சைக்கிளில் இன்னொரு மாநிலம் போய்க் காபி குடித்துவிட்டு வருகிறார்.

ஏன் இங்கே மட்டும் முடிகிறது? பழைய வில்சன் பாலம் 6 லேன், கப்பல் வந்தால் தூக்குகிற பாலம் வேறு, அந்தக் காலத்தில் எங்களுக்கும் அக்கரை என்றால் அலுப்புதான். 2006இலும் 2008இலும் இரண்டு புதுப் பாலம் திறந்து 12 லேன் ஆக்கினார்கள். நேஷனல் ஹார்பர் திறந்ததும் அதே 2008. அதன் பிறகு 2016 டிசம்பரில் எம்.ஜி.எம் சூதாட்ட விடுதி. அங்கே வண்டி நிறுத்துமிடத்தில் வர்ஜீனியா நம்பர் பிளேட்டைப் பாருங்கள். அந்தக் காசு மேரிலாந்துக்குப் போகிறதே என்கிற வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் டைசன்ஸில் ஒரு விடுதி கட்டலாம் என்று வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில் மசோதா வந்து வந்து போகிறது. பாலத்தைப் பெரிதாக்கு, அக்கரையில் ஒரு காரணத்தை வை, ஜனம் தானாகப் போகும். சூதாட்டம் நல்ல காரணமா என்பது வேறு பேச்சு, எங்கள் வீட்டில் அதற்கு அனுமதி இல்லை.

#8 கன்சாஸ்_கரிசல்

குயில் அக்கா, இதுதான் எனக்கு வேண்டிய தகவல், நன்றி. இங்கே எங்கள் பக்கம் ஆறு நடுவில் வராத நீளத்தில்தான் இந்தப் போக்குவரத்து எல்லாம், இப்போதுதான் அது உறைக்கிறது. சரி, ரயில்? மெட்ரோ இரண்டு மாநிலத்துக்கும் போகிறதே. பெதஸ்டாவிலிருந்து டைசன்ஸ் எவ்வளவு நேரம்?

#9 நள்ளிரவு_இட்லி

மெட்ரோவை நம்பி வந்தவன் நான், அதனால் நானே சொல்கிறேன். எங்கள் மெட்ரோ ஆளை நகருக்குள் கொண்டு சேர்ப்பதற்காகக் கட்டியது. புறநகரிலிருந்து புறநகருக்குப் போவது அதன் கணக்கிலேயே இல்லை. பெதஸ்டாவில் ரெட் லைன் ஏறி, நகர் நடுவில் மெட்ரோ சென்டரில் இறங்கி, சில்வர் லைன் பிடித்துத் திரும்ப மேற்கே வர வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். காரில் அது 10, 11 மைல் தூரம்தான், ஞாயிறு விடியற்காலையில் கால் மணி நேரம். ரெட் லைனும் க்ரீன் லைனும் வர்ஜீனியா மண்ணை மிதிப்பதே இல்லை.

மற்ற ரயில்களும் அப்படித்தான். மேரிலாந்தின் மார்க் ரயில் வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷனோடு நின்றுவிடும். வர்ஜீனியாவின் வி.ஆர்.இ ரயிலும் எதிர்த்திசையிலிருந்து வந்து அதே யூனியன் ஸ்டேஷனில் நின்றுவிடும். இரண்டும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், ஒன்றின் தண்டவாளத்தில் ஒன்று போகாது. இப்போது மேரிலாந்தில் பர்ப்பிள் லைன் கட்டுகிறார்கள், புறநகரையும் புறநகரையும் இணைக்கிற ரயில், நல்ல யோசனை, 2017இல் தொடங்கி இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதுவும் பெதஸ்டாவிலிருந்து நியூ கரோல்டன் வரை, முழுக்க மேரிலாந்துக்குள்ளேயே. மேற்கே ஒரு ஆறு தள்ளி டைசன்ஸ் இருக்கிறது, அந்தப் பக்கம் தலைகூட வைத்துப் படுக்கவில்லை.

ஒரே ஒரு நல்ல செய்தி, அண்ணாச்சிக்கு. 2025 ஜூன் முதல் சில்வர் லைன் ரயில்களில் பாதி நியூ கரோல்டன் வரை போகின்றன. ஆஷ்பர்னில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம், அங்கிருந்து லேன்ஹம் கோவிலுக்கு ஊபரில் கொஞ்ச நேரம். வார இறுதியில் எவ்வளவு தூரம் போனாலும் மெட்ரோவில் ஒரே கட்டணம்.

#10 ஆஷ்பர்ன்_அண்ணாச்சி

ஒன்றரை மணி நேரம் ரயிலில், கையில் அபிஷேகப் பால் குடத்தோடு. யோசிக்கிறேன் தம்பி.

#11 பூல்ஸ்வில்_புளி

எங்கள் கதையைச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. பூல்ஸ்விலுக்கும் லீஸ்பர்க்குக்கும் நடுவே வைட்ஸ் ஃபெர்ரி என்று ஒரு படகு ஓடியது. பெரிய விஷயமில்லை, ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் குறுக்கே போய்வரும் தட்டைப் படகு, ஒரு நேரத்தில் இருபது சொச்சம் கார் ஏற்றும். 1700களின் கடைசியிலிருந்து அந்த இடத்தில் ஏதோ ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. நாங்கள் லீஸ்பர்க்குக்குச் சினிமாவுக்குப் போவோம், அவுட்லெட் கடைக்குப் போவோம், அவர்கள் இங்கே பறங்கிக்காய்த் தோட்டத்துக்கும் ஆப்பிள் பறிக்கவும் வருவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் தினமும். லீஸ்பர்க் எங்களுக்குப் பக்கத்து ஊர். வேறு மாநிலம் என்று சொன்னால் சிரிப்பு வரும்.

2020இல் வர்ஜீனியாக் கரையில் படகு நிற்கும் நிலம் யாருக்கு என்ற வழக்கில் தீர்ப்பு நிலத்துக்காரர் பக்கம் வந்தது. டிசம்பர் கடைசியில் கம்பியும் அறுந்தது. அன்றோடு படகு நின்றது. அதன் பிறகு இரண்டு கவுன்ட்டியும் ஆய்வு செய்தார்கள், பேசினார்கள், கடிதம் எழுதினார்கள். எனக்குத் தெரிந்து லீஸ்பர்க்கில் பல் மருத்துவரை வைத்திருந்தவர்கள் எல்லாம் ஜெர்மன்டவுனுக்கு மாறிவிட்டார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு வருடத்துக்குள் அக்கரை வெறும் பெயராகிவிட்டது. முன்பு சனிக்கிழமை "லீஸ்பர்க் போகலாமா" என்போம், இப்போது பாயின்ட் ஆஃப் ராக்ஸ் சுற்றி முக்கால் மணி நேரம் ஆகும் என்று தெரிந்ததும் யாரும் கேட்பதே இல்லை. ஆக, சட்டம் சார், அதே ஜனம், அதே சட்டம், அதே வேக அபராதம். போனது படகு மட்டும்தான்.

#12 சட்டம்_என்_கையில்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் உங்கள் கதையிலேயே படகை நிறுத்தியது ஒரு மாநிலத்தின் நீதிமன்றம்தானே? அந்த ஆற்றின் கதையே கோடு பற்றிய சண்டைதான். 1632இல் இங்கிலாந்து ராஜா பால்டிமோர் பிரபுவுக்கு எழுதிக் கொடுத்த பட்டயத்தால் ஆறு முழுவதும், வர்ஜீனியாக் கரை ஓரம் வரை, மேரிலாந்துக்குச் சொந்தம். ஃபேர்ஃபாக்ஸ்காரர்கள் குடிக்கத் தண்ணீர் எடுக்கக் குழாய் போட மேரிலாந்து அனுமதி கேட்க வேண்டியிருந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2003இல் வர்ஜீனியா ஜெயித்தது. தண்ணீருக்கே இந்தப் பாடு.

இரண்டாவது பாலம் ஏன் வரவில்லை என்று நினைக்கிறீர்கள்? லௌடன் பக்கம் வேண்டும் வேண்டும் என்கிறார்கள். மேரிலாந்துப் பக்கத்து மான்ட்கமரி கவுன்ட்டி 1980இல் 93,000 ஏக்கரை விவசாய ஒதுக்கீடாக அறிவித்து, அதற்குள் பெருஞ்சாலை வராது என்று உட்கார்ந்துவிட்டது. இரண்டு கரையும் ஒரே மாநிலமாக இருந்திருந்தால் எப்போதோ கட்டியிருப்பார்கள். லீஜன் பாலத்தை மாற்றிக் கட்டுவோம் என்று 2019இல் இரண்டு ஆளுநரும் கைகுலுக்கினார்கள், மேரிலாந்துப் பக்கம் கட்டணச் சாலை போட வந்த கம்பெனி 2023இல் விலகிவிட்டது, பாலம் அப்படியே நிற்கிறது. பாலம் தடுக்கிறது என்றார் ரசம். பாலத்தைத் தடுப்பது எது?

#13 ராக்வில்_ரசம்

இது நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் அந்த விவசாய நிலத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், வட்டாரத்தில் மிச்சமிருக்கும் பச்சை அதுதான். அதன் குறுக்கே பெருஞ்சாலை போட்டுத்தான் ஸ்டெர்லிங்கில் போய்ப் பிரியாணி சாப்பிட வேண்டும் என்றால் எனக்கு அந்தப் பிரியாணி வேண்டாம்.

#14 நண்டுப்பிரியை

பிரியாணி என்றதும் உள்ளே வருகிறேன். யாரும் போவதில்லை என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். நான் மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங். வர்ஜீனியாவில் ஃபால்ஸ் சர்ச்சில் ஈடன் சென்டர் இருக்கிறது, வியட்நாம்காரர்களின் கடைத்தொகுதி, சைகோன் வீழ்ந்தபின் வந்த அகதிகள் 1980களிலிருந்து வளர்த்தது, வாசலில் பழைய தென் வியட்நாம் கொடி பறக்கும். அந்த ஃபோ நூடுல்ஸ் சூப்புக்காக, அந்தப் பலாப்பழத்துக்காக, ரம்புட்டானுக்காக மேரிலாந்து முழுவதும் அங்கே வருகிறது. ஆனன்டேலில் கொரியச் சாப்பாடு. வர்ஜீனியாக்காரர்கள் எங்கள் ஊருக்கு எத்தியோப்பிய இஞ்ஜேராவுக்கு வருவார்கள், கோடையில் நண்டுக்கு வருவார்கள். மேசை மேல் செய்தித்தாள் விரித்து ஒரு கூடை நண்டைக் கொட்டிச் சுத்தியலால் தட்டிச் சாப்பிடுவது மேரிலாந்தில்தான் அழகு, அந்த ஓல்ட் பே மசாலாவுக்கு மேலே கொஞ்சம் மிளகுத்தூள் நான் வீட்டிலிருந்தே எடுத்துப் போவேன்.

இரண்டு பக்கமும் உள்ள ஒன்றுக்காக யாரும் தாண்ட மாட்டார்கள், உண்மை. ஐகியா வேண்டுமா, எங்களுக்குக் காலேஜ் பார்க், அவர்களுக்கு வுட்பிரிட்ஜ். காஸ்ட்கோ, இந்திய மளிகை, டிரேடர் ஜோஸ் எல்லாம் இருபக்கமும். விற்பனை வரிகூட அங்கேயும் இங்கேயும் 6 சதவீதம். அக்கரைக்கு மட்டுமே உரிய ஒன்று இருந்தால் ஆள் போகிறான். சாராயக் கதையைப் பாருங்களேன், எங்கள் மான்ட்கமரியில் பெரும்பாலான சூப்பர் மார்க்கெட்டில் பீர், ஒயின் கிடையாது, வர்ஜீனியாவில் அரிசி பருப்போடு சேர்த்து வாங்கலாம். கஞ்சா தலைகீழ். வர்ஜீனியாவில் கையில் வைத்திருக்கலாம் என்று 2021இலேயே விட்டுவிட்டு, விற்கக் கடையைத் திறக்காமல் இழுத்தடித்தார்கள், மேரிலாந்தில் 2023 ஜூலையிலேயே கடை திறந்தாயிற்று. அங்கே வர்ஜீனியா வண்டிகள் நிற்கும், எல்லை தாண்டி எடுத்துப் போவது மத்தியச் சட்டப்படிக் குற்றம் என்பது தனி.

#15 ஆஷ்பர்ன்_அண்ணாச்சி

எங்கள் கோவிலும் இந்தக் கணக்கில்தான் வரும் போலிருக்கிறது. அந்தக் காலத்தில் தென்னிந்திய முறையில் பூஜை என்றால் வர்ஜீனியாவிலிருந்து எல்லோரும் லேன்ஹம்தான். இப்போது இங்கேயே ஃபேர்ஃபாக்ஸ் ஸ்டேஷனில் துர்க்கை, சான்டிலியில் ராஜ்தானி மந்திர். என் மகன் குடும்பம் பக்கத்தில் இருக்கிறதற்கே போய்விட்டு வருகிறது. அவனிடம் லேன்ஹம் என்றால் "ஏன்ப்பா அவ்வளவு தூரம்" என்கிறான். முருகன் ஒன்றும் சொல்லப் போவதில்லை, எனக்குத்தான் மனசு கேட்பதில்லை.

#16 வாசல்_கோலம்

கோவிலுக்கும் சாப்பாட்டுக்கும் ஏதாவது வழி பண்ணிவிடலாம். மனுஷங்களைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் மேரிலாந்தில் கெய்தர்ஸ்பர்க். மகளுடைய நெருங்கின சிநேகிதி குடும்பம் வீடு பெரிதாக வேண்டும் என்று வர்ஜீனியாவில் பிராம்பிள்டன் போனார்கள். ஆரம்பத்தில் மாதாமாதம் சந்திப்போம் என்று பேச்சு. அவர்கள் பிறந்தநாள் விழா வைத்தால் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு வைப்பார்கள், 4 மணிக்கு அங்கே இருக்க இங்கே எப்போது கிளம்ப வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றரை மணி நேரம் ஆன நாளும் உண்டு, கேக் வெட்டி முடித்தபின் போய் நின்ற நாளும் உண்டு. யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை, ஆனால் இப்போது பிள்ளைகள் போனில் மட்டும்தான். நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பியை நான் இதைவிட அதிகமாகப் பார்க்கிறேன், ஏனென்றால் அங்கே போனால் இரண்டு நாள் தங்குவோம். அக்கரைக்குப் போனால் யாரும் தங்குவதில்லை, அன்றைக்கே திரும்ப வேண்டும், அதனால் போவதே இல்லை.

தமிழ்ச் சங்கத்திலும் இதே பஞ்சாயத்துதான். பொங்கல் விழா எந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கிறதோ அந்தப் பக்கத்துக் கூட்டம்தான் அதிகம் வரும். மறுபக்கத்துக்காரர்கள் பிள்ளை மேடை ஏறினால் வருவார்கள், இறங்கினதும் கிளம்பிவிடுவார்கள்.

#17 கிங்_ஸ்ட்ரீட்_குயில்

கோலம், இதைப் படித்தவுடன் என் பழைய அறைத்தோழிக்குச் செய்தி அனுப்பினேன். அவள் ஜெர்மன்டவுன். கடைசியாக இருவரும் சந்தித்தது சென்னையில்!

#18 நள்ளிரவு_இட்லி

மேரிலாந்துக்காரர்கள் எல்லோரும் வர்ஜீனியா போகிற ஒரு நாள் உண்டு, யாரும் சொல்லவில்லை. அப்பா அம்மா வரும் நாள். பால்டிமோர் விமான நிலையம் எங்களுக்குப் பக்கம்தான், ஆனால் எமிரேட்ஸ், கத்தார் எல்லாம் இறங்குவது வர்ஜீனியாவில் இருக்கும் டல்லஸ் (Dulles) விமான நிலையத்தில். ஊறுகாய் பாட்டிலோடு வருகிற அம்மாவைக் காக்க வைக்கக் கூடாது என்று நாலு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிப் போய், பாலம் காலியாக இருந்து தொலைத்தால், ஆஷ்பர்னில் எங்காவது காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். லௌடனை நான் பார்த்ததெல்லாம் இப்படித்தான்.

#19 மட்டுறுத்துநர்

வீட்டு விலை, கார் வரி, எந்தப் பக்கத்துப் பள்ளி உசத்தி என்று வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். வர்ஜீனியாவின் டி.ஜே பள்ளியா மேரிலாந்தின் பிளேர் மேக்னெட் பள்ளியா என்ற சண்டை அங்கே நடக்கட்டும். இங்கே தலைப்பை ஒட்டிப் பேசுங்கள்.

#20 கன்சாஸ்_கரிசல்

எல்லோருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்தது. மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் உடனே கேட்டது, எங்களில் ஒருவர் தினமும் பாலம் தாண்டியே ஆக வேண்டும், அது நீயா நானா என்று. வீடு பற்றிக் கேட்கக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன், இருந்தாலும் எந்தத் திசை மோசம் என்று மட்டும் சொல்லுங்கள்.

#21 ராக்வில்_ரசம்

மட்டுறுத்துநர் மன்னிக்க, இது பாலத்தைப் பற்றித்தான்.

காலையில் கூட்டம் மேரிலாந்திலிருந்து வர்ஜீனியாவுக்குப் போகும், மாலையில் திரும்பும். ஆகவே மேரிலாந்தில் வீடு, டைசன்ஸில் வேலை என்றால் இரண்டு வேளையும் கூட்டத்தோடு. மாலையில் டைசன்ஸிலிருந்து வடக்கே வரும் பெல்ட்வே மதியம் 3 மணிக்கெல்லாம் நிற்க ஆரம்பித்துவிடும். வர்ஜீனியாவில் வீடு, பெதஸ்டாவில் வேலை என்றால் எதிர்த்திசை, தேவலை, ஆனால் சுகம் என்று சொல்ல மாட்டேன். 2025இல் அரசாங்க ஊழியர்களைத் திரும்ப அலுவலகத்துக்குக் கூப்பிட்டபின் இரண்டு திசையும் கூடியிருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாள் யாருக்கு அதிகமோ அவர் பாலம் தாண்டட்டும்.

வீடு பார்க்க வரும்போது சனி, ஞாயிறில் பாலத்தை ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். செவ்வாயோ புதனோ, டைசன்ஸிலிருந்து மாலை 5 மணிக்குக் கிளம்பி பெதஸ்டா வரை ஓட்டிப் பாருங்கள். சாலைக் கட்டணத்துக்குக் காரில் ஒட்டும் ஈ-இசட்-பாஸ் கருவியில் ஃப்ளெக்ஸ் வகை வாங்குங்கள், காரில் மூன்று பேர் இருந்தால் அந்த எக்ஸ்பிரஸ் லேன் இலவசம்.

#22 வாசல்_கோலம்

மூன்றாவது ஆளுக்கு மாமியாரைக் கூட்டி வந்துவிடுங்கள், ஒருமுறை வந்தால் ஆறு மாதம் வரை தங்கலாம்.

#23 ஆஷ்பர்ன்_அண்ணாச்சி

தம்பி, எந்தக் கரையில் வீடு வாங்கினாலும் கந்த சஷ்டிக்கு லேன்ஹம் வருவீர்கள் அல்லவா? சூரசம்ஹாரத்தன்று சீக்கிரம் வந்துவிடுங்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. நான் பாலத்தில் மாட்டாமல் இருந்தால் அங்கே பார்ப்போம்.